ஐந்தே முக்கால் மணித்தியாலம்

“2004 ஜூலை 14, புதன். மரண அறிவித்தல் இல. 41. காலை 10.20க்கு ஏற்றியது. பிழை. மாலை 4.05க்குத் திருத்தியது.”

என் பிழைக் கொப்பியில் உள்ள பதிவு இவ்வளவுதான். நீலப் பேனாவால் எழுதியிருக்கிறேன். ‘பிழை’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகள் உண்டு. இரண்டாவது கோடு கறுப்பு. அது பிறகு ஒரு நாள் போட்டது. எந்த நாள் என்று குறிக்கவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. இணையத்தளம் கட்டும் வேலையில் அந்தக் காலத்தில் என்னென்ன கருவிகள் பாவித்தீர்கள், எந்தெந்தப் பாணிகள் வந்து போயின, புதிதாக வருகிற எங்களுக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எழுத உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினேன். கருவிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இன்று அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் திறக்க முடியாது. திறந்த உடனே பாட்டுப் பாடும் பக்கம், ஓடுகிற எழுத்து, அடியில் பார்வையாளரை எண்ணும் இலக்கம், முகப்பில் அரை நிமிடம் அசைகிற படம், எல்லாம் கேட்டார்கள், எல்லாம் செய்து கொடுத்தேன். எதுவும் மிஞ்சவில்லை. அதில் எனக்குக் கவலையும் இல்லை. நாற்பத்தோராம் அறிவித்தலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

1998 இல் கொழும்பில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். 2002 இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு வேலணைக்குத் திரும்பி, சந்தியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். தீவுப்பகுதி ஊர்கள் சிலவற்றின் வெளிநாட்டுச் சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு பொதுத் தளம் வேண்டும் என்றன. நான் கட்டினேன். றஜனி என்கிற பெண் தட்டச்சும் படிவங்களும் பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட நிதானமானவர். வேலணையில் அப்போது எங்களுக்கு இணைப்புக் கிடையாது. அறையில் செய்ததைப் பிளொப்பியில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கே ஓர் இணையக் கடையிலிருந்து ஏற்றுவேன்.

ஊர்ச் செய்திக்கும் திருவிழாப் படத்துக்கும் வந்தவர்களைவிட மரண அறிவித்தலுக்கு வந்தவர்களே அதிகம். எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பமும் ஒரு நாட்டுக்குள் அடங்குவதில்லை. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் ரொறன்ரோவில் இருப்பவருக்கும் பாரிஸில் இருப்பவருக்கும் அடக்கத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். ஆகவே அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்த இடம், வதிந்த இடம், பிறகு உறவு. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நாடு வரும்: கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஊர்காவற்றுறை. இறந்துபோனவர்களுடைய பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். நாட்டைப் பிழையாகப் போட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இரு பக்கத்திலும் மெழுகுதிரி எரிய வேண்டும். சைவக் குடும்பமென்றால் குத்துவிளக்கு. சுடர் அசைய வேண்டும். அந்தச் சுடரை இயல்பாக அசைய வைக்க எனக்குப் பதினொரு நாள் போனது. படிவத்துக்கு ஒரு பிற்பகல் போனது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நான் எப்படிப்பட்ட வடிவமைப்பாளனாக இருந்தேன் என்பது விளங்கும்.

படிவத்தில் ஆரம்பத்தில் ஒவ்வொரு உறவினரின் பெயருக்கும் நேரே ‘இறந்தவர்’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். புள்ளடி போட்டால் போதும். யாரும் போடவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயருக்கு நேரே அந்தப் புள்ளடியைப் போட மறுத்துப் பேனாவைத் திருப்பித் தந்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். வந்த படிவங்களை எல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தேன். ‘இடம்’ என்ற பெட்டி எங்கே வெறுமையாக இருந்ததோ, அந்தப் பெயர் இறந்தவருடையது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆகவே புள்ளடிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். இடம் எழுதப்படாத பெயரைக் கணினியே ‘காலஞ்சென்ற’ என்ற வரிசைக்குக் கொண்டுபோய்விடும்படி எழுதினேன். மனிதரைக் கேட்டு நோகச்செய்யாத படிவம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. றஜனிக்கும் விளக்கிச் சொன்னேன். நாற்பது அறிவித்தல்கள் அப்படியே சரியாக வந்தன.

ஊர்காவற்றுறையில் சவிரிமுத்து என்கிற கடற்தொழிலாளி ஜூலை 12ஆம் திகதி இறந்தார். மனைவி திரேசம்மா. மூன்று பிள்ளைகள்: பாரிஸில் பீற்றர், ரொறன்ரோவில் றெஜினா, கடைசி அன்ரன். அன்ரன் 1997இல் ஒரு காலை வள்ளத்தில் தனியே போனவர். வள்ளமும் வரவில்லை, வலையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடல் என்றார்கள். பிடிபட்டுவிட்டார் என்றார்கள். அக்கரை போய் இந்தியாவில் ஏதோ முகாமில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். எதற்கும் சாட்சி இல்லை. திரேசம்மா அன்ரனின் ஆன்மாவுக்கென்று பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. பீற்றர் பாரிஸிலிருந்து ஆள் வைத்து இந்தியாவில் தேடுவித்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

சவிரிமுத்துவின் தம்பி ஞானம் அண்ணை 13ஆம் திகதி விபரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். நான் மற்ற மேசையில் வேறு ஒரு வேலையில் இருந்தேன். மெழுகுதிரிச் சுடரைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

“ஐயா, அன்ரனுக்கு இடம் என்ன போடுறது?” என்று றஜனி கேட்டார்.

“அதை விடும் பிள்ளை. மச்சாள் சொன்னவ, பேரை மட்டும் போடச்சொல்லி.” மச்சாள் என்றது அண்ணன் மனைவி திரேசம்மாவை.

“பேர் மட்டுமோ?”

“ஓம். வேறை ஒண்டும் வேண்டாமாம்.”

றஜனி திரும்பி என்னைக் கேட்டார்: “அண்ணை, ஒரு ஆளுக்கு இடம் இல்லை. வெறுமையா விடவோ?”

“விடும், விடும். அது தானா வரும்” என்றேன். தலையைத் தூக்கவில்லை.

இதை எழுதிய பிறகும் பலமுறை வாசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி, சரியான ஆளிடம், சரியான நேரத்தில். பிழையைத் தடுக்க ஒரு வேலையிடத்தில் என்ன இருக்கவேண்டுமோ அது எல்லாம் அன்று அந்த அறையில் இருந்தது.

மறுநாள் காலை பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போனேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. வாசிப்பவரின் கணினியில் அது இல்லாவிட்டால் அறிவித்தல் முழுவதும் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அதனால் அறிவித்தலைப் படமாக்கித்தான் போடுவோம். படம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கும். சவிரிமுத்துவின் பெயர் வந்தது, மெழுகுதிரிகள் வந்தன, சுடர் அசைந்தது. எனக்குத் திருப்தி. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கீழ்ப்பகுதி இறங்குமுன் எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டரை அளவில் வேலணைக்கு வந்து இறங்கியபோது ஞானம் அண்ணையின் மோட்டார் சைக்கிள் அறை வாசலில் நின்றது. செத்தவீட்டில் நிற்க வேண்டிய மனிதர். அன்று மூன்றரைக்கு அடக்கம்.

“நீர் என்ன எழுதிப்போட்டீர்?” என்றார்.

“என்ன அண்ணை?”

“றெஜினா கனடாவில இருந்து அடிச்சு ஒப்பாரி வைக்கிறாள். அன்ரன்ர செய்தி எப்ப வந்தது, ஏன் தனக்கு ஒளிச்சனீங்கள் எண்டு கேக்கிறாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகுதான் சொல்லுறாள், நெற்றில காலஞ்சென்ற அன்ரன் எண்டு கிடக்காம்.”

றஜனி ஏற்கெனவே கோப்பைத் திறந்துவைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘பீற்றர் (பிரான்ஸ்), றெஜினா (கனடா), காலஞ்சென்ற அன்ரன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்று இருந்தது.

அப்போது என் வாயில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். “கொம்பியூட்டர் தானா மாத்திப்போட்டுது ஞானம் அண்ணை.”

“கொம்பியூட்டருக்கு அன்ரனைத் தெரியுமோ?” என்று கேட்டார் அவர்.

றஜனி என் முகத்தைப் பார்க்காமல், “நான் கேட்டனான்தானே அண்ணை” என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

முதல் வழியைச் சொன்னவர் ஞானம் அண்ணை. “இந்தியா எண்டு போட்டுவிடும். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம். மச்சாளுக்கும் மனம் ஆறும்.” இடம் என்ற பெட்டியில் ஒரு சொல் விழுந்தால் கணினி அன்ரனை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துவிடும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அது நாங்கள் அறியாத செய்தி. திரேசம்மா கேட்டதும் அதுவல்ல. இந்தியா என்று எழுதினால், எங்கே, எந்த முகாம், யார் கண்டது என்று நாளை அந்தத் தாயைத்தான் ஊர் கேட்கும். மாட்டேன் என்றேன். இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, படத்தைக் கையால் திருத்துவது. கணினி கட்டிய படத்தை விட்டுவிட்டு, வரி வரியாக நானே அடுக்கி, அன்ரனின் பெயரை இடமில்லாமல் மற்றவர்களோடு வைப்பது. ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். பிறகு பஸ், வழியில் சோதனைச் சாவடி, பிறகு கடை.

மூன்றாவது வழியைச் சொன்னவர் றஜனி. “அண்ணை, ஐயாட்டப் போன் இருக்கு. இணையக் கடைக்கு அடிச்சுக் கடவுச்சொல்லைச் சொல்லுங்கோ. அவர் இப்பவே அந்தப் பக்கத்தை அழிச்சுப்போடுவார். நீங்கள் ஆறுதலாத் திருத்திக்கொண்டு போகலாம்.”

“கடவுச்சொல்லையோ? அது ஏலாது.”

“ஏன் அண்ணை?”

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது றஜனி. அது தொழில் ஒழுங்கு.”

கொழும்பில் நான் படித்த முதல் பாடம் அது. கடவுச்சொல்லைத் தாய்க்கும் சொல்லாதே என்பார்கள். நல்ல பாடம்தான். எந்த நேரத்தில் அதை மீறவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் நேர்மையான மனிதர். ஐந்து நிமிடத்தில் அழித்திருப்பார். பிறகு நான் போய்க் கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாம். ஒரு மணிக்கே முடிந்திருக்கும் காரியம். நான் கதிரையில் உட்கார்ந்து எழுத்துகளை அடுக்கினேன். ஞானம் அண்ணை சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அடக்கத்துக்கு ஆக்கள் வரத் தொடங்கியிருப்பினம். நான் போறன்” என்று போனார். வாசலில் நின்று திரும்பி, “மச்சாளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீரும் சொல்லாதையும்” என்றார்.

4.05க்குத் திருத்திய படம் ஏறியது. அப்போது பாரிஸில் நண்பகல் கடந்து ஐந்து நிமிடம். பிழையான படம் அங்கே காலையிலேயே போய்விட்டிருந்தது. பீற்றர் அதைப் பலருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அங்கே ஒன்பதரை மணிக்குப் பிறகு, அதாவது நான் கதிரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒரு தமிழ்க் கடையின் கண்ணாடியில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அன்று மாலைப் பூசையில் தகப்பன் சவிரிமுத்துவுக்காகவும் மகன் அன்ரனுக்காகவும் செபித்தார்கள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் ஏற்றிய பக்கத்தை நான் திருத்தினேன். அனுப்பப்பட்ட படங்கள் என் கைக்குள் இல்லை. நீங்கள் இன்று எழுத்தாகவே எல்லாவற்றையும் போடுகிறீர்கள், மாற்றினால் எங்கும் மாறுகிறது என்று நம்புகிறீர்கள். வாசித்தவரின் மனதில் இருக்கிற பிரதி அப்படி மாறாது.

மறுநாள் ஊர்காவற்றுறைக்குப் போனேன். வீட்டில் நெருங்கிய சொந்தக்காரர் மட்டும் இருந்தார்கள். திரேசம்மா என்னைக் கண்டதும் அருகில் கூப்பிட்டார்.

“அன்ரன்ர பேரும் போட்டனீங்களோ தம்பி?”

“ஓம் அக்கா.”

“பேர் மட்டுந்தானே?”

“ஓம் அக்கா. பேர் மட்டுந்தான்.”

“அது காணும்” என்றார். “அவன் தேப்பன்ர செய்தியை எங்கையாவது இருந்து பாத்தால், தன்னை விட்டிட்டினம் எண்டு நினைக்கக்கூடாது. அதுக்குத்தான்.”

அவர் ஏன் பெயரை மட்டும் போடச்சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாய் என் தளத்தை மகனுக்கு அனுப்பும் கடிதமாக நினைத்திருந்தார். அந்தக் கடிதத்தை மகன் எங்கிருந்தாவது பார்த்திருந்தால், ஐந்தே முக்கால் மணித்தியாலம் அதில் எழுதியிருந்தது வேறு.

அந்த வாரமே படிவத்தை மாற்றினோம். உயிரோடு இருப்பவர், காலமானவர் என்பதைக் கட்டாயமாகக் கேட்டோம். நோகத்தான் செய்யும், கேட்டுத்தான் ஆகவேண்டும். இரண்டிலும் சேராதவர்களுக்கு மூன்றாவது ஒரு பெட்டி. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் அகராதி பார்த்துக்கொண்டிருந்தேன். “பேர் வைக்காதேங்கோ அண்ணை. குடும்பம் சொல்லுறபடி எழுதுறது எண்டு விட்டிடுவம்” என்றார் றஜனி. அப்படியே விட்டோம். அதில் வந்து விழுந்த சொற்களை நான் ஒரு தனித் தாளில் குறித்துவைத்தேன். ‘தொடர்பில்லை.’ ‘தேடப்படுகிறார்.’ ‘1996 முதல்.’ ஒரு தகப்பன் ‘வருவார்’ என்று மட்டும் எழுதினார். அந்த மூன்றாவது பெட்டி இல்லாமல் நான் நாற்பது அறிவித்தல் போட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் இல்லாத நாற்பது குடும்பங்கள் எனக்கு அடுத்தடுத்து வாய்த்தது தற்செயல். அதை நான் விதியாக எழுதிவைத்தேன்.

ஓகஸ்ட் 9ஆம் திகதி பீற்றரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. றெஜினாவுக்கும் அவருக்கும் ஞானம் அண்ணை நடந்ததைச் சொல்லியிருந்தார். றெஜினா நம்பினார். பீற்றர் எழுதியிருந்தது இது: “உண்மையைச் சொல்லுங்கோ. முதல் போட்டதுதானே சரி? அம்மாவுக்காகத்தானே மாத்தினனீங்கள்? நான் கோவிக்க மாட்டன்.”

மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். படிவம், விதி, வெறுமையான பெட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு நிரலில் வந்த பிழையை எவ்வளவு தெளிவாக விளக்கலாமோ அவ்வளவு தெளிவாக. அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஏழு வருடம் காத்திருந்த ஒருவருக்கு ஒரு முடிவு கிடைத்திருந்தது. நான் அதைத் திரும்பப் பறிக்க வந்தவனாகத் தெரிந்திருப்பேன். அப்போது எனக்கு இது விளங்கவில்லை. விளக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு மின்னஞ்சலும் அனுப்பினேன்.

2005 பெப்ரவரியில் ஒரு முற்பகல் திரேசம்மா பஸ்ஸில் வேலணைக்கு வந்தார். கையில் ஒரு கடித உறை. றஜனி கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

“தம்பி, பீற்றர் தேடுறதை விட்டிட்டான்.”

“ஆர் சொன்னது அக்கா?”

“அவன்தான் எழுதியிருக்கிறான். இனித் தேடி என்ன அம்மா, செபிப்பம் எண்டு. நான் என்ன எழுதினாலும் அதைப் பற்றிக் கதைக்கிறானில்லை. நீங்கள் ஒருக்கா எழுதுங்கோவன். படிச்ச ஆள் எழுதினால் கேப்பான்.”

அவருக்கு என் பிழை தெரியுமா, தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஞானம் அண்ணைக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். “எழுதுறன் அக்கா” என்றேன். எழுதினேன். பதில் இல்லை.

“ஒரு படம் போடலாமோ தம்பி? அவன்ர படம். ஆராவது பாத்தால்?”

போட்டோம். அன்ரனின் படம், வயது, கடைசியாகக் கண்ட நாள், ஞானம் அண்ணையின் தொலைபேசி இலக்கம். மெழுகுதிரி இல்லாத பக்கம். றஜனி அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாக மூன்று தரம் வாசித்த பிறகே என்னிடம் தந்தார். பிளொப்பியைக் கொடுக்கும்போது, “முழுக்க இறங்குமட்டும் நிண்டு பாத்திட்டு வாங்கோ” என்றார். நின்று பார்த்தேன். அந்தப் பக்கத்துக்காக யாரும் அழைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் திரும்பப் போர் வந்து பாதை மூடியது, தொலைபேசிகளும் பல நாள் இயங்கவில்லை. அந்த மாதங்களில் யாராவது அழைத்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

2008 மார்ச் 6, வியாழக்கிழமை திரேசம்மா இறந்தார். அப்போது வேலணை அறைக்கே இணைப்பு வந்துவிட்டது. மின்னஞ்சலைத் திறந்தால் இரண்டு அறிவித்தல்கள் இருந்தன. பீற்றர் அனுப்பியதில் ‘காலஞ்சென்ற அன்ரன்’. றெஜினா அனுப்பியதில் ‘அன்ரன்’. மற்ற ஒவ்வொரு சொல்லும் ஒன்றே.

ஞானம் அண்ணையைக் கேட்டேன். “அண்ணன்ர பிள்ளையள், எனக்கு ரெண்டும் பெறாமக்கள்தான். நீர்தானே எழுதுறனீர். நீர்தான் யோசியும்” என்றார்.

பீற்றருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரோடு நான் குரலில் பேசியது அன்று மட்டும்தான்.

“அம்மா போயிட்டா. இனி ஆருக்காக ஒளிக்கிறது?” என்றார்.

“நான் ஒளிக்கேல்லை பீற்றர். எனக்கு ஒண்டும் தெரியாது. அண்டைக்கும் தெரியாது.”

“தெரியாமத்தான் போட்டனீங்களோ?”

“ஓம். தெரியாமத்தான்.”

“நான் அவனுக்கு நாலு வருஷமாப் பூசை குடுக்கிறன். அதை என்ன செய்யச் சொல்லுறியள்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

றெஜினா தானாகவே எடுத்தார். “அம்மாவின்ர அறிவித்தலில அம்மா ஒரு நாளும் சொல்லாத சொல்லைப் போடாதேங்கோ அண்ணை. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

இரண்டு பேரும் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. றெஜினா கேட்டபடி போட்டால், ஒரு பெயர் மட்டும் நாடில்லாமல் நிற்கும். பீற்றர் அதைத் தன் முகத்தில் அடித்ததாக எடுப்பார். பீற்றர் கேட்டபடி போட எனக்குக் கை வரவில்லை. அடக்கம் மறுநாள். றஜனியும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் பிரான்ஸ் என்ற சொல்லை அழித்தேன். கனடாவையும் அழித்தேன். மருமக்கள், மைத்துனர், சகோதரர், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய நாட்டையும் ஊரையும் எடுத்தேன். ‘பீற்றர், றெஜினா, அன்ரன் ஆகியோரின் அன்புத் தாயும்’ என்று அந்த வரி வந்தது. பிறந்த ஒழுங்கில் மூன்று பெயர். ஒருவருக்கும் இடமில்லை.

இரண்டு பேருக்கும் அனுப்பி, ஒரு மணித்தியாலம் பொறுத்தேன். அன்ரனுக்கு ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இல்லை என்று பீற்றர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. ஏற்றினேன். ஜேர்மனியிலிருந்து ஒரு மைத்துனர் அன்று மாலையே அழைத்தார்: “எங்கட நாட்டையெல்லாம் ஏன் விட்டனீர்? அங்க கொம்பியூட்டர் பழுதோ, இல்லை உமக்குப் பழுதோ?”

“எனக்குத்தான் அண்ணை” என்றேன்.

இதைப் படித்துவிட்டு, ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடாதே, வெறுமைக்குப் பொருள் கற்பிக்காதே என்று நீங்கள் சுவரில் எழுதி ஒட்டலாம். ஒட்டுங்கள். ஆனால் என்னை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது அதுவல்ல.

என் பக்கத்தால்தான் பீற்றர் தேடுவதை நிறுத்தினார் என்று நான் நாலு வருடத்துக்கு மேல் நம்பியிருந்தேன். 2009 ஜூனில் றெஜினா ஒரு கடிதம் எழுதினார். வேறு விடயங்களுக்கு நடுவில், பீற்றர் அண்ணா அப்பா இறந்ததற்கு முதல் வருட நத்தாரோடேயே தேடுவதை விட்டுவிட்டார் என்றும், அம்மாவுக்குச் சொல்லத் தைரியமில்லாமல் இருந்தார் என்றும் இரண்டு வரி. அதாவது 2003 டிசம்பர். அது உண்மையானால், என் பிழை அவருக்குக் காரணமாக இருக்கவில்லை; சொல்லிக்கொள்ள ஒரு சாட்டாக மட்டுமே இருந்தது. ஆனால் பீற்றர் தாய்க்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது; திரேசம்மா வேலணைக்கு வந்த அன்று உறையோடு விட்டுப்போனது. அதில் ‘போன ஜூலை வரைக்கும் ஆள் வைத்துத் தேடினேன் அம்மா’ என்று இருக்கிறது. தாய்க்கு எழுதும் கடிதத்தில் ஒரு மகன் அப்படித்தான் எழுதுவான் என்றும் சொல்லலாம். றெஜினா என் மனம் ஆறட்டும் என்று எழுதியிருக்கவும் கூடும்.

இந்த இரண்டு தாள்களையும் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. பீற்றரின் முகவரி இருக்கிறது, கேட்டு எழுதவில்லை. பிழைக் கொப்பியில் நாற்பத்தோராம் இலக்கத்துக்குக் கீழே இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பீற்றர் தேடலை நிறுத்திய திகதி, 2003 டிசம்பர் அல்லது 2004 ஜூலை. உறுதிப்படுத்தப்படவில்லை.